ஜன்னலும் நாட்காட்டியும்: அமெரிக்கக் கார்ட்டூன்களில் ஆவணமற்ற குடியேறிகள்

அவையோர்க்கு வணக்கம்.

2014 நவம்பர் 20 அன்று அதிபர் ஒபாமா ஒரு குடியேற்ற ஆணையை அறிவித்தார். அடுத்த ஓரிரு நாளில் இண்டியானாபொலிஸ் ஸ்டார் நாளிதழ், தன் கார்ட்டூனிஸ்ட் கேரி வார்வெல் வரைந்த ஒரு படத்தை இணையத்தில் வெளியிட்டது. ஒரு வெள்ளையர் வீடு. நன்றியறிதல் நாள் விருந்து. பழுப்பு நிறக் குடும்பம் ஒன்று ஜன்னல் வழியாக ஏறி உள்ளே வருகிறது. அதிபரின் ஆணையால் இந்த முறை விருந்துக்குக் கூடுதல் ஆட்கள் என்று வீட்டுக்காரர் முகம் வாடிச் சொல்கிறார். வாசகர்கள் கொதித்தார்கள். நாளிதழ் முதலில் ஒரு காரியம் செய்தது: ஜன்னலில் ஏறும் ஆணின் மீசையை அழித்துவிட்டு, படத்தைத் திரும்பப் போட்டது. எதிர்ப்பு அடங்கவில்லை. கடைசியில் படத்தையே எடுத்துவிட்டு, ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார்.

மீசை போனதும் படம் சரியாகிவிட்டதா? இல்லை. மீசையைவிடப் பெரிய பிழை ஒன்று அந்த ஜன்னலில் இருந்தது. ஆணையைப் படித்துப் பார்த்தால் தெரியும். பிள்ளைகளில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ உள்ள பெற்றோருக்கானது அதன் முக்கியப் பகுதி. அந்தப் பெற்றோர் 2010 ஜனவரி 1 முதல் தொடர்ந்து நாட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். தகுதியுள்ளவரை மூன்று ஆண்டுக்கு நாடுகடத்தாமல் விட்டுவைப்போம், வேலை அனுமதியும் தருவோம் என்றது ஆணை. குடியுரிமை அதில் இல்லை. அன்று ஜன்னல் ஏறி வருகிறவருக்கு அந்த ஆணையில் ஒரு வரிகூட இல்லை. அதில் இடம்பெற்றவர்கள் ஏறத்தாழ ஐந்து ஆண்டாக அதே வீட்டில் இருப்பவர்கள். (அந்தப் பகுதி நடைமுறைக்கே வரவில்லை. 2015 பிப்ரவரியில் டெக்சாஸ் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் தடை அப்படியே நின்றது.)

இன்று நான் சொல்ல வந்தது இந்தப் பிழையைப் பற்றித்தான். கார்ட்டூன் இடத்தை வரைகிற கலை. கதவு, சுவர், வேலி, ஏணி, உள்ளே, வெளியே என்று அது பேசும். குடியேற்றச் சட்டமோ பெரும்பகுதி காலத்தைக் கணக்கிடுகிற சட்டம். எந்தத் தேதியில் வந்தாய், எத்தனை நாள் தங்கினாய், எத்தனை ஆண்டு காத்திருந்தாய் என்றுதான் அது கேட்கும். நாட்காட்டியில் நடப்பதை வாசலில் நடப்பதாக வரைந்தால், வரைபவர் நல்லெண்ணம் கொண்டவராக இருந்தாலும் படம் பொய் சொல்லிவிடும்.

சுவரையே எடுத்துக்கொள்வோம். ஆவணமற்றவர், அதாவது நாட்டில் தங்க அனுமதி இல்லாதவர், என்றதும் பாதிக் கார்ட்டூன்களில் ஒருவர் சுவர் ஏறிக்கொண்டிருப்பார். ஆனால் ஆண்டுதோறும் பல லட்சம் பேர் முறையான விசாவோடு விமானத்தில் வந்து இறங்கி, கெடு முடிந்த பின்னும் தங்கிவிடுகிறார்கள். அவர்கள் ஆவணமற்றவர் ஆகும் நேரம் ஒரு நள்ளிரவு. சுவரும் இல்லை, ஓட்டமும் இல்லை. தேதி மட்டும் மாறுகிறது. சட்டத்தின் கண்ணிலும் இரண்டும் ஒன்றல்ல. எல்லையில் அனுமதியின்றி நுழைவது குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை. விசா கெடு தாண்டித் தங்குவது குற்றவியல் குற்றம் அல்ல. நாடுகடத்தலுக்கு இடம் தரும் குடிமை விதிமீறல். கார்ட்டூனில் இருவருக்கும் 'சட்டவிரோதி' என்ற ஒரே சொல் ஒட்டப்படுகிறது. 2013 ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டில், செயலைச் சட்டவிரோதம் எனலாம், மனிதரை அப்படி அழைக்க வேண்டாம் என்று முடிவு செய்தது. படத்துக்குள் எழுதும் பெயர்ச்சீட்டு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. சின்னக் கட்டத்துக்குள் ஒரே சொல்லுக்குத்தான் இடம் இருக்கிறது.

இன்னொரு பழக்கமான படம்: வரிசை. ஒழுங்காக நிற்பவர்கள் ஒரு பக்கம், முந்திக்கொண்டு ஓடுபவர் மறுபக்கம். பார்த்ததும் கோபம் வரும், ஏனென்றால் வரிசையை நாம் எல்லோரும் அறிவோம். அந்த வரிசையில் நிற்க யாருக்கு இடம் உண்டு என்பதுதான் கேள்வி. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000. அதில் பெரிய படிப்போ தொழில் பயிற்சியோ தேவைப்படாத வேலைகளுக்கு உச்சவரம்பு 10,000. தோட்டத்தில் பழம் பறிப்பவருக்கும் ஹோட்டலில் தட்டு கழுவுபவருக்கும் நாடு முழுவதற்கும் அவ்வளவுதான். அமெரிக்கக் குடிமகனின் உடன்பிறப்பு என்றால் தனி வரிசை உண்டு. மெக்சிகோக்காரருக்கு அதில் காத்திருப்பு இருபது ஆண்டுக்கும் மேல். படத்தில் பத்துப் பேர் நிற்கும் வரிசை, நிஜத்தில் ஒரு தலைமுறையின் வயது.

"திரும்பிப் போய் முறைப்படி வா" என்று அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் விரல் நீட்டும் படங்களும் உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாக்கியத்தின் காலை வாரிவிட்டது. 180 நாளுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் தானாகவே வெளியேறினாலும் மூன்று ஆண்டு உள்ளே வர முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் பத்து ஆண்டு. விலக்குக் கேட்கலாம், ஆனால் குடிமகனான அல்லது நிரந்தரக் குடியிருப்பாளரான கணவன், மனைவி, தாய், தந்தை இவர்களில் ஒருவருக்குக் கடுந்துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். வெளியேறினால்தான் தடை தொடங்குகிறது என்பதால், போக நினைப்பவரையும் போகவிடாமல் கட்டிப்போடும் சட்டம் இது. இதை வரைந்துகாட்டிய படங்கள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

வரலாற்றைப் பார்த்தால் வாசல் படங்கள் ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம். கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட் 1870இல் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில், சுவர் மேல் ஏறிவிட்ட பழைய குடியேறிகள் தாங்கள் ஏறிய ஏணியைத் தள்ளிவிடுவதாக வரைந்தார். கீழே நிற்பவர்கள் சீனர்கள். 1881இல் சான் பிரான்சிஸ்கோவின் தி வாஸ்ப் இதழில் கெல்லர், அந்தத் துறைமுகத்துக்கு ஒரு சிலை என்று சீனத் தொழிலாளி ஒருவரைக் கந்தல் உடையோடு, மண்டையோட்டின் மேல் கால் வைத்து நிறுத்தினார். தலையைச் சுற்றிய ஒளிக்கதிர்களில் அழுக்கு, நோய், ஒழுக்கக்கேடு என்று எழுதியிருந்தது. நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை திறக்கப்பட்டது 1886இல். சிலை வருமுன்பே அதைத் திருப்பிப்போட்ட படம் வந்துவிட்டது. 1882 மே 6 அன்று சீனர் விலக்குச் சட்டம் கையெழுத்தானது. 1892இல் கியரி சட்டம், சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் வசிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடுகடத்தப்படலாம் என்றது. 'ஆவணம் இல்லாத மனிதர்' என்ற நிலையே அங்கேதான் உருவெடுக்கிறது. 1903இல் ஜட்ஜ் இதழ் குடியேறிகளைப் பேரலையாக வரைந்தது. அங்கிள் சாம் ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு தவிக்கிறார். வெள்ளம், அலை என்ற அந்தத் தண்ணீர் இன்றும் வற்றவில்லை. அலைக்கு முகம் இல்லை, பெயர் இல்லை. அணை கட்டுவதைத் தவிர அதனிடம் பேச எதுவும் இல்லை. ஒரு கூட்டத்தைத் தண்ணீராக வரைந்த உடனே வாதம் பாதி முடிந்துவிடுகிறது.

1893 ஜனவரி 11 தேதியிட்ட பக் என்ற நகைச்சுவை இதழின் வண்ணப் படத்தருகே மட்டும் கொஞ்சம் நிற்க ஆசைப்படுகிறேன். வரைந்தவர் ஜோசப் கெப்ளர். வியன்னாவில் பிறந்து 1867இல் அமெரிக்கா வந்தவர். கப்பலிலிருந்து ஒரு குடியேறி மூட்டையோடு இறங்கி வருகிறார். கரையில் ஐந்து பணக்காரர்கள், உயர்ந்த கோட்டும் தொப்பியுமாக, நில் என்று கை நீட்டுகிறார்கள். இதுவரை மற்ற வாசல் படங்கள் மாதிரிதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் விழும் நிழல்களைப் பாருங்கள். நிழலில் கோட்டு இல்லை. மூட்டை தூக்கிய நாட்டுப்புறத்தான், கூலிக்காரன், தெருவில் சரக்கு விற்றவன் தெரிகிறார்கள். அவர்களும் அவர்களுடைய தகப்பன்மாரும் வந்து இறங்கிய கோலம் அது. ஒரே கட்டத்துக்குள் கெப்ளர் நாற்பது ஐம்பது ஆண்டைக் கொண்டுவந்துவிட்டார். காலத்தை வரைய முடியாது என்று யாராவது சொன்னால் இந்த நிழல்களைக் காட்டலாம்.

இன்னொன்றையும் அவர் செய்தார்: தடுப்பவரை வரைந்தார். பெரும்பாலான படங்களில் வருகிறவர் இருப்பார், காவலர் இருப்பார், அரசியல்வாதி இருப்பார்; வேலை கொடுப்பவர் இருக்க மாட்டார். 1952 முதல் 1986 வரை, ஆவணமற்றவரை ஒளித்துவைப்பது குற்றம், வேலைக்கு வைப்பது மட்டும் ஒளித்துவைத்ததாகாது என்று சட்டமே விலக்குத் தந்திருந்தது. அதை மாற்றியது 1986ஆம் ஆண்டுச் சட்டம். சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்பூர்வ நிலை தந்த அதே சட்டம், தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிக்கும் தண்டனை வைத்தது. ஐ-9 படிவம் வந்தது அப்போதுதான். தொழிலாளி வேலையில் சேர்ந்த மூன்று வேலை நாளுக்குள் முதலாளி அவருடைய சான்றுகளைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பார்வைக்கு அசலாகத் தெரிந்தால் ஏற்றுக்கொள்ளலாம். 'தெரிந்தே' என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது பாருங்கள். ஒரு நல்ல கார்ட்டூனுக்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

நிழலுருவம் எப்படித் தன் பொருளை இழக்கும் என்பதற்கு ஒரு சாலைப் பலகை சாட்சி. 1980களின் கடைசியில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய சான் டியேகோவின் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்த குடியேறிகள் பலர் வண்டியில் அடிபட்டு இறந்தார்கள். கலிபோர்னியா போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்த ஜான் ஹூட் என்ற நவஹோ பழங்குடி ஓவியர் 1990இல் ஓர் எச்சரிக்கைப் பலகை வரைந்தார். மஞ்சள் பின்னணி, அப்பா, அம்மா, கையைப் பிடித்து இழுத்துச் செல்லப்படும் சிறுமி, பின்னால் பறக்கும் அவள் சடை. சிறுமியைச் சேர்த்ததே ஓட்டுநரின் மனம் இளகி வேகம் குறையட்டும் என்றுதான். உயிர் காக்க வரைந்த அந்த மூவரையும் கார்ட்டூன்களும் சுவரொட்டிகளும் எடுத்துக்கொண்டன, ஆதரவாகவும் எதிராகவும். எல்லையில் ஓடுபவர்களின் முத்திரையாகவே அது ஆகிவிட்டது. கடைசிப் பலகை 2018இல் மறைந்தது, உருவம் மறையவில்லை.

கார்ட்டூன் சட்டத்தைவிடத் துல்லியமாகப் பேசிய இடமும் உண்டு. 2010 ஏப்ரலில் அரிசோனா மாநிலம் எஸ்.பி. 1070 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டவர் ஆவணமற்றவராக இருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் எழுந்தால் காவலர் விசாரிக்க வேண்டும். இனத்தை 'மட்டும்' வைத்துச் சந்தேகிக்கக் கூடாது என்றிருந்ததை, ஒரு வாரத்தில் 'மட்டும்' என்பதை எடுத்துவிட்டுத் திருத்தினார்கள். அப்படியானால் எதைப் பார்த்துச் சந்தேகம் வரும்? சட்டம் எழுதாமல் விட்ட அந்த முகத்தைக் கார்ட்டூனிஸ்டுகள் நாடு முழுவதும் வரைந்தார்கள். சந்தேகத்துக்கு நிறம் கொடுக்காமல் அந்தக் காட்சியை வரையவே முடியாது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் நான்கு பிரிவுகளில் மூன்றை ரத்து செய்தது. விசாரிக்கும் பிரிவு மட்டும் தப்பியது.

இனி ஒரு படம் கண்ணில் பட்டால் எப்படிப் படிப்பது? நான் முதலில் பார்ப்பது கண்மட்டத்தை. பார்ப்பவரை ஓவியர் எந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறார்? வார்வெல் நம்மை வீட்டுக்குள் உட்காரவைத்தார். 1882இல் ஃப்ராங்க் லெஸ்லியின் இதழில் வந்த படம், மூடிய வாசலுக்கு வெளியே மூட்டைமேல் உட்கார்ந்த சீனர் பக்கத்தில் நம்மை நிறுத்தியது. மூட்டைகளில் உழைப்பு, ஒழுங்கு என்று எழுதியிருந்தது. அடுத்து முகம்: யாருக்குக் கண், மூக்கு இருக்கிறது, யார் வெறும் உருவம்? பேச்சுக் குமிழி யாரிடம்? பிறகு படத்தை மூடிவைத்துவிட்டு, அது பேசும் ஆணையையோ சட்டத்தையோ எடுத்து அதில் வரும் தேதிகளைத் தேட வேண்டும். அந்தத் தேதிகள் படத்தில் எங்கேயாவது இருக்கின்றனவா?

வகைகள் கலந்துவிடுவதையும் கவனிக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் டெர் ஷ்பீகல் என்ற ஜெர்மன் வார இதழின் அட்டையில் எடெல் ரோட்ரிகஸ், சுதந்திர தேவியின் வெட்டிய தலையைப் பிடித்து நிற்கும் டிரம்ப்பை வரைந்தார். அதற்குச் சற்று முன் டிரம்ப் போட்ட பயணத் தடை ஆணை தடுத்தது விசா வைத்திருந்தவர்களையும் அகதிகளையும், ஆவணமற்றவர்களை அல்ல. அடைக்கலம் கேட்பவர் மூன்றாவது வகை: எந்த வழியில் வந்தாலும் வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கச் சட்டம் அனுமதித்திருக்கிறது. நல்ல படங்களே இந்த மூவரையும் ஒரே சிலையின் கீழ் நிறுத்திவிடுகின்றன.

காலத்தை நேராகவே வரைந்த முயற்சி ஒன்று உண்டு. 2008இல் ரீசன் இதழ் குடியேற்றச் சட்டத்தை ஒரே பக்கத்தில் அம்புக்குறிகளால் வரைந்தது. உறவினர் இருக்கிறாரா, படிப்பு இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு நகரும் பாதை. வழியில் எத்தனை ஆண்டு ஆகும் என்ற எண்கள். சில பாதைகள் பத்து, இருபது ஆண்டில் முடிகின்றன. சிறப்புத் தகுதியும் உறவும் இல்லாதவருடைய பாதை மட்டும் சட்டென்று நின்றுவிடுகிறது. அங்கிருந்து மேலே நடக்க அம்புக்குறியே கிடையாது.

மறுபடி அந்த விருந்து வீட்டுக்குப் போவோம். ஆணைக்கு விரோதமாகப் படம் போடலாம்; அது வார்வெல்லின் உரிமை. ஆனால் ஆணையில் உள்ளவர்களை வரைய வேண்டும் என்றால் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். அந்தக் குடும்பம் முன்பே உள்ளே இருக்கிறது. அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாள். அமெரிக்காவில் பிறந்த மகன் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிறான். சுவரில் 2010 ஜனவரி முதல் கிழிக்காத நாட்காட்டி தொங்குகிறது. வீட்டுக்காரர் கையில் அதிபரின் கடிதம். மூன்று ஆண்டுக்கு இவர்களை வெளியேற்ற வேண்டாம் என்கிறது. இதைக் கோபமாகவும் வரையலாம், கனிவாகவும் வரையலாம். இரண்டு படத்திலும் மேசையில் எத்தனை தட்டு வைப்பது என்பதை ஓவியர் முடிவு செய்தாக வேண்டும்.