நல்லாயிருச்சு என்று நிறுத்தும் மாத்திரை

நேயர்களுக்கு வணக்கமுங்க. பல்லடம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகளைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதெல்லாம் டாக்டர் முடிவு செய்வது. வாங்கிப் போனவர் அடுத்த மாதம் வருகிறாரா, பாதியில் காணாமல் போகிறாரா என்பது எங்களுக்குத்தான் முதலில் தெரியும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எங்கள் பக்கம் தறியிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்கிற நிறையப் பேருக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் வந்து, "ஏழு மாத்திரை மட்டும் கொடுங்கண்ணா" என்பார்கள். அட்டையைக் கத்தரித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பல நேரம் மீதி அட்டையோடு கடையிலேயே நின்றுவிடும். அடுத்த வாரம் ஆர்டர் இல்லாமல் சம்பளம் குறைந்தால், சர்க்கரை மாத்திரையை விட மாட்டார்கள். இதைத்தான் முதலில் கழிப்பார்கள். காசுதான் தடை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பாருங்கள், மாத்திரை இலவசமாகவே கிடைக்கும்.

அப்புறம், இந்த மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி அன்றைக்கே வேலை செய்யாது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்சிடின் எதுவானாலும் மனசு லேசாவது தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட. தொந்தரவு மட்டும் முதல் வாரமே வந்துவிடும்: குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கம் கெடுவது. "வயித்தப் பெரட்டுதுங்க, மனசு அப்படியேதான் இருக்குது" என்று முதல் அட்டை தீருமுன்பே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் இதெல்லாம் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையில் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு அதைச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நிறைய. டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது.

பொறுக்கக் கூடாத விஷயமும் உண்டு. ஆரம்பித்த முதல் சில வாரங்களிலும், அளவை மாற்றும்போதும், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, படபடப்பும் சாகலாம் என்ற எண்ணமும் கூடலாம். வீட்டிலிருப்பவர்கள் கூடவே இருந்து கவனியுங்கள், மாத்திரையை நீங்களே எடுத்து வைத்துக்கொண்டு வேளைக்குக் கொடுங்கள். அப்படிப் பேச்சு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-இல் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதேபோல, தூங்காமலேயே அளவுக்கு மீறின உற்சாகம், நிறுத்தாத பேச்சு, தாறுமாறான செலவு என்று ஆனாலும் உடனே சொல்லுங்கள். அது வேறு வகை நோயாக இருக்கலாம், மருந்தையே மாற்ற வேண்டிவரும்.

சரி, குணமாகிவிட்டது. ஆபத்து இங்கேதான். "இப்ப நல்லாத் தூங்குறாருங்க, மாத்திரைய நிறுத்திப் போட்டோமுங்க" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள், எனக்குத்தான் பகீரென்கும். நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். முன்பே வந்து போனவர்களுக்கு இன்னும் கூடுதல் காலம். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டு எல்லாம் வரும். பராக்சிடினும் வென்லாஃபாக்சினும் இதில் மோசம். இது போதை மாதிரியான பழக்கம் அல்ல, உடம்பு மெல்ல மாற நேரம் கேட்கிறது, அவ்வளவுதான். டாக்டர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். பழக்கமாகிவிடும் அபாயம் இருப்பது, ஆரம்பத்தில் சில நாளுக்கு இதோடு சேர்த்துக் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரைகளில்தான். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கேட்காதீர்கள்.

ஒரு வேளை மாத்திரையை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

கடைசியாக வலி மாத்திரை. நாள் முழுக்கத் தறியிலும் தையல் மெஷினிலும் நின்றும் உட்கார்ந்தும் இடுப்பு ஒடிகிறவர்கள் நாங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இவற்றை மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். டிராமடால் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, குழப்பம், வலிப்புவரை போகலாம். இருமல் மருந்திலும் சேரக் கூடாதவை உண்டு. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் வயசானவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையும் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு குறையலாம், திடீர்க் குழப்பம் வந்தால் ரத்தப் பரிசோதனை தேவை. குடியும் வேண்டாம். அதனால் இடுப்புவலிக்கு மாத்திரை கேட்கிற அன்றும் மனநல டாக்டரின் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள் என்று கூச்சமாக இருந்தால் பேச வேண்டாமுங்க, சீட்டை மடித்தே நீட்டுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.