பட்டியலில் வராத புத்தகங்கள்: சில பரிந்துரைகள்

வணக்கம்.

தமிழில் என்ன படிக்கலாம் என்று யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வருகிறது. எல்லாருக்கும் தெரிந்த சரித்திர நாவல்கள், நான்கைந்து பெரிய பெயர்கள், அப்புறம் அந்த வருடம் விருது வாங்கிய புத்தகம். அவை நல்ல புத்தகங்கள்தான். ஆனால் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் பல நூல்களுக்கு ஒரே ஒரு குறைதான்: கடையில் எந்தத் தட்டில் வைப்பது என்று யாருக்கும் தெரியாது. கதையும் இல்லை, கவிதையும் இல்லை, பாடநூலும் இல்லை. இப்படிப்பட்ட புத்தகங்களை வாழவைப்பது விளம்பரம் இல்லை. படித்த ஒருவர் இன்னொருவரிடம் 'இதைப் பார்த்தாயா' என்று கேட்பதுதான். இந்த வீடியோவில் அதைத்தான் செய்யப் போகிறேன்.

(திரையில்: 'மறைந்துபோன தமிழ் நூல்கள்', 1959)

முதல் புத்தகம், புத்தகங்களைப் பற்றியதுதான். மயிலை சீனி. வேங்கடசாமி எழுதிய 'மறைந்துபோன தமிழ் நூல்கள்'. தலைப்பைப் பார்த்தால் ஆராய்ச்சி மாணவர்களுக்கு மட்டும் என்று தோன்றும். அப்படி ஒதுக்கிவிடாதீர்கள்.

பழைய உரையாசிரியர்கள் ஒரு விதிக்கோ சொல்லுக்கோ விளக்கம் சொல்லும்போது, அவர்கள் காலத்தில் கைவசம் இருந்த நூல்களிலிருந்து பாட்டுகளை எடுத்துக் காட்டினார்கள். பிறகு அந்த மூல ஏடுகள் செல்லரித்தும், கவனிப்பார் இல்லாமலும் போய்விட்டன. எடுத்துக் காட்டிய பாட்டு மட்டும் உரைக்குள் தங்கிவிட்டது. வேங்கடசாமி அந்த உரைகளை வரி வரியாகத் தேடி, நூலின் பெயர் என்ன, அதை யார் குறிப்பிடுகிறார், எஞ்சிய செய்யுள் எது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். சிலவற்றுக்குப் பல பாடல்கள் தேறுகின்றன. அதியமானின் தகடூர் மேல், அதாவது இன்றைய தருமபுரி மேல், சேரன் படையெடுத்துப் போன கதையைச் சொல்லும் தகடூர் யாத்திரை அப்படி ஒன்று. வேறு சிலவற்றுக்குப் பெயரைத் தவிர எதுவும் மிச்சமில்லை.

நீங்கள் இதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. இசைத்தமிழ் நூல்கள் பகுதியில் தொடங்குங்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், தமக்குத் துணையாக இருந்தவை என்று ஐந்து நூல்களைச் சொல்கிறார். அவற்றில் ஒன்று அறிவனார் இயற்றிய பஞ்சமரபு. வேங்கடசாமி எழுதிய காலத்தில் அது மறைந்த நூல்களின் கணக்கில் இருந்தது. ஆனால் கொங்கு நாட்டில் தெய்வசிகாமணிக் கவுண்டர் அதன் ஓலைச்சுவடியைக் கண்டெடுத்து, 1973-இல் அச்சில் கொண்டுவந்தார். போய்விட்டது என்று எழுதப்பட்டு பதினைந்து வருடத்துக்குள் ஒரு நூல் திரும்பி வந்திருக்கிறது! இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு பெயரின் மேலும் கண் நின்றுவிடுகிறது.

(திரையில்: யாழ்ப்பாண வரைபடம், மானிப்பாயில் ஒரு புள்ளி)

அடுத்தது, ஈழத்துக் கவிஞர் அம்பி எழுதிய 'மருத்துவத் தமிழ் முன்னோடி'. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவரைப் பற்றிய புத்தகம். கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய மருத்துவம் கற்றுக்கொடுத்தார். முதலில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. 1864 முதல் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலை தேடி வெளியூர் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் சொந்த ஊரிலேயே நின்று வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

பாடம் தமிழில் என்றால் புத்தகமும் தமிழில் வேண்டுமே. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று அவரும் அவருடைய மாணவர்களும் ஒன்றன்பின் ஒன்றாக மொழிபெயர்த்து அச்சிட்டார்கள். இரண வைத்தியம் என்பது அறுவைச் சிகிச்சை நூல். மனுஷ அங்காதிபாதம் உடற்கூறு நூல், 1872-இல் வந்தது. கெமிஸ்தம் வேதியியல் நூல். மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்று இன்றும் மேடை போட்டு விவாதிக்கிறோம். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே ஒரு வகுப்பு அதை நடத்திக் காட்டிவிட்டது. கிறீன் 1873-இல் அமெரிக்கா திரும்பினார், 1884-இல் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று எழுத வேண்டும் எனத் தம் கல்லறைக்குக் கேட்டுக்கொண்டார், அப்படியே எழுதியிருக்கிறார்கள். மருத்துவம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் புத்தகத்தைக் கண்டிப்பாக வாங்கிக் கொடுங்கள்.

மூன்றாவது ஒரு அகராதி. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி, 1982. பல்கலைக்கழகத் துறைகள் செய்ய வேண்டிய வேலையை ஒரு கதைக்காரர் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு செய்தார். அதைப் பார்த்துத்தான் பெருமாள்முருகன் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும், அதாவது விருத்தாசலம், கடலூர் பக்கத்துக்கும், அகராதி தொகுக்க வந்தார்கள். உங்கள் வட்டாரத்து அகராதி எதுவோ அதை முதலில் எடுங்கள். பாட்டி வாயில் கேட்டு மறந்த சொல் ஒன்றாவது உள்ளே இருக்கும்.

(திரையில்: கப்பல், தேதி: 2 அக்டோபர் 1937)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். 'அண்ணல் அடிச்சுவட்டில்', ஏ. கே. செட்டியார் எழுதியது. 1937-ஆம் வருடம் காந்தி பிறந்தநாளன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தார் செட்டியார். வயது இருபத்தைந்து. காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அங்கே அவருக்குத் தோன்றியது. பணம் கிடையாது, சினிமாக் கம்பெனி கிடையாது. ஆனால் மூன்றே வருடத்தில், 1940-இல், தமிழ் விளக்கத்தோடு படம் வெளிவந்துவிட்டது.

அந்த மூன்று வருடத்தில் என்ன நடந்தது என்பதுதான் புத்தகம். காந்தி எங்கெங்கே படம்பிடிக்கப்பட்டிருந்தாரோ அந்தச் சுருள்களைத் தேடி தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா என்று அலைந்திருக்கிறார். பழைய படச்சுருள்களைப் பெட்டி பெட்டியாகப் பார்ப்பது, உரிமையாளரிடம் மன்றாடுவது, பிரதி எடுப்பது. உலகப் போர் வேறு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். இவ்வளவையும் சொல்கிறவர் தன்னைப் பற்றிப் பேசுவதே அபூர்வம். பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். அவர் எடுத்த தமிழ்ப் படம் பின்னாளில் கைக்குக் கிடைக்காமல் போனது. பிற்காலத்தில் தயாரான சுருக்கமான ஆங்கில வடிவம் ஒன்று அமெரிக்காவில் கிடைத்தது. இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து இந்தப் புத்தகமாகப் பதிப்பித்தவர் ஆ. இரா. வேங்கடாசலபதி. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், நேராகக் கப்பலுக்குள் போய்விடுங்கள்.

செட்டியாரின் ஊர் கோட்டையூர். விளம்பரப் பலகை எழுதிச் சம்பாதித்ததையெல்லாம் பழைய தமிழ் நூல்களில் போட்டுச் சேர்த்த ரோஜா முத்தையாவும் அதே ஊர்தான். அந்தச் சேகரிப்புதான் இன்று சென்னை தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஒரு சிற்றூர் தமிழுக்கு இவ்வளவு கொடுத்திருக்கிறது.

நாவல் கேட்பவர்களுக்கு ஒன்று: மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', 1993. ஜப்பானியர்கள் 1942, 43-இல் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதில் செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன, உலகப் புகழ்பெற்ற சினிமா இருக்கிறது. அவர்களைவிட அதிக எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர்கள் அவர்களில் ஆயிரக்கணக்கில். காலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடச் சரியாக இல்லை. அவர்கள் கதையைத் தமிழில் எழுதியவர்களை நாம் படிக்காவிட்டால் வேறு யார் படிப்பார்கள்?

கனமாகிவிட்டது என்றால் மா. கிருஷ்ணனிடம் வாருங்கள். நாவலாசிரியர் மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. காட்டுயிர் ஆர்வலர்களுக்கு அது தெரிந்திருக்கும். அவர் தமிழில் 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. தேடிப் பிடியுங்கள்.

(திரையில்: நூலகங்களின் பெயர்கள்)

சரி, இவை எங்கே கிடைக்கும்? மயிலை சீனி. வேங்கடசாமியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' இணையதளம். அங்கே தேடும்போது 'கிரீன்' என்று மட்டும் இல்லாமல் 'கிறீன்' என்றும் தட்டிப் பாருங்கள், யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். மற்றவற்றில் சில அச்சில் இல்லாமலும் இருக்கலாம். சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டு, பதிப்பகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் மறுபதிப்பு பற்றி யோசிப்பார்கள்.