பால் ஸ்கோஃபீல்ட்: அவர் கேட்கும்போது பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்று ஒரே ஒரு நடிகரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பால் ஸ்கோஃபீல்ட். இங்கிலாந்தின் நாடக மேடையில் வாழ்ந்தவர். 1922 ஜனவரியில் பிறந்து, 2008 மார்ச்சில் 86 வயதில் காலமானார். சினிமாவில் நடித்தது குறைவு. அதனால் ஹாலிவுட் படங்களை விடாமல் பார்ப்பவர்களுக்குக்கூட இந்தப் பெயர் சட்டென்று பிடிபடாது. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

அவரைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவர் வசனம் பேசும் இடங்கள் அருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதிரில் இருப்பவர் பேசும்போது, அதை இவர் எப்படிக் கேட்கிறார் என்று பாருங்கள்.

1966இல் வந்த 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' படத்தில் ஒரு விசாரணைக் காட்சி வரும். எட்டாம் ஹென்றி மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்கும் சத்தியப் பிரமாணத்தை எடுக்க மாட்டேன் என்கிறார் மன்னரின் முன்னாள் அமைச்சர் சர் தாமஸ் மோர் (ஸ்கோஃபீல்ட்). ஏன் என்றும் சொல்வதில்லை. வாய் திறக்காதவனைச் சட்டம் தண்டிக்க முடியாது என்பது அவர் கணக்கு. அப்போது ரிச்சர்ட் ரிச் என்ற இளைஞன் கூண்டில் ஏறிப் பொய்ச்சாட்சி சொல்கிறான். முன்பு மோரிடமே வேலை கேட்டு வந்தவன். அந்த வேடத்தில் ஜான் ஹர்ட்.

தன் தலை போகப் போகிறது என்று மோருக்கு அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. சாட்சி சொல்லி முடித்தவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்கிறார். அவன் கழுத்தில் புதிதாக ஒரு பதவிச் சங்கிலி. அதன் பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். இது என்ன பதவி என்று கேட்கிறார். வேல்ஸ் நாட்டுக்கு அட்டர்னி ஜெனரல் என்று பதில் வருகிறது. உலகமே கிடைத்தாலும் ஆன்மாவை விற்கக் கூடாது. நீ போயும் போயும் வேல்ஸுக்காகவா விற்றாய் என்ற பொருளில் ஒரே ஒரு வரி சொல்கிறார். அந்தக் குரலில் கோபமே கிடையாது. கெட்டுப்போன மாணவனைப் பார்த்து வாத்தியார் வருத்தப்படுவது போல இருக்கும். நான் எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இதே வேடத்தை 1960இல் லண்டன் மேடையில் நடித்தார். பிறகு நியூயார்க்கில் நடித்து, 1962இல் அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது வாங்கினார். படத்துக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. விழாவுக்கு அவர் போகவில்லை. படத்தில் மனைவியாக நடித்த வெண்டி ஹில்லர்தான் அவர் சார்பில் வாங்கிக்கொண்டார். 'சர்' பட்டம் தருகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டார். சசெக்ஸில் வீடு. நாடகம் முடிந்ததும் ரயில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார். இப்படி ஒதுங்கியே இருந்ததால்தான் ஒவ்வொரு வேடத்திலும் நமக்கு அவர் தெரியாமல், அந்தப் பாத்திரம் மட்டும் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அப்புறம் 'குவிஸ் ஷோ', 1994. ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கியது. தொலைக்காட்சி வினாடி வினாவில் விடைகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஜெயிக்கிற பேராசிரியர் சார்லஸாக ரேஃப் ஃபைன்ஸ். அவருடைய அப்பா, கவிஞர் மார்க் வான் டோரனாக ஸ்கோஃபீல்ட். ராத்திரி நேரம், சமையலறை. மகன் சாக்லேட் கேக் தின்றுகொண்டிருக்கிறான். அப்பா வந்து உட்கார்கிறார். கேக், பால், சின்னச் சின்னப் பேச்சு. மகன் உண்மையைச் சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொள்கிறான். அப்பாவின் முகத்தில் மகன் வீட்டுக்கு வந்த சந்தோஷம் மட்டும்தான். எதையும் சந்தேகப்படத் தெரியாத அந்த முகம்தான் நம்மை வதைக்கிறது. பின்னால் வகுப்பறையில் மகன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும்போது அதே முகத்தைப் பாருங்கள். உன் பெயர் என் பெயரும்தானே என்று அங்கேதான் அவர் குரல் உயர்கிறது. இந்த வேடத்துக்குத் துணை நடிகர் ஆஸ்கர் பரிந்துரையோடு நிறுத்திக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் கொடுத்திருக்க வேண்டும்.

நமக்குக் கிடைக்காமல் போனதும் நிறைய. 1979இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் 'அமதேயஸ்' நாடகத்தில், மொசார்ட்மேல் பொறாமைப்படும் இசையமைப்பாளர் சாலியேரியாக முதலில் நடித்தவர் இவர்தான். தள்ளாத கிழவராக உட்கார்ந்திருப்பவர், பார்வையாளர்கள் கண்ணெதிரிலேயே இளைஞராக மாறுவார். படமாக எடுத்தபோது அந்த வேடம் வேறொருவருக்குப் போயிற்று.

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' மட்டும் தப்பித்தது. பீட்டர் புரூக் 1962இல் மேடையேற்றியதைப் பிற்பாடு டென்மார்க்கின் குளிரில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார், 1971இல் வெளிவந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நடிகர்களிடம் 2004இல் கருத்துக் கேட்டபோது, ஷேக்ஸ்பியர் நடிப்பிலேயே மிகச் சிறந்தது ஸ்கோஃபீல்டின் லியர்தான் என்றார்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் லியரில் ஆரம்பிக்க வேண்டாம். கனமான படம், பொறுமை வேண்டும். 'குவிஸ் ஷோ'வை முதலில் பாருங்கள், அடுத்து தாமஸ் மோர். அந்தக் குரல் பிடித்துப்போனால், அவருடைய 80ஆம் பிறந்தநாளையொட்டி 2002இல் வந்த லியர் ஒலிப்பதிவு இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு எந்த இடம் பிடித்தது என்று எனக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.