பேத்திக்கு பிரெஞ்சு பேர் தேடும்போது

(பாரிஸ் புறநகர்ல நம்ம புதுச்சேரி குடும்பங்கள் கூடியிருந்தப்ப பேசினது. ரெக்கார்டிங்க கேட்டு அப்படியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். நான் 22 வருஷமா இங்க க்ரெஷ்ல, அதான் சின்னப் பிள்ளைங்க காப்பகத்துல, வேலை பாக்குறேன். ஒவ்வொரு செப்டம்பரும் புதுசா வர்ற பிள்ளைங்க பேரை அட்டையில எழுதி, கோட் மாட்டுற கொக்கிக்கு மேல ஒட்டணும், அது என் வேலை. ஆரம்பத்துல லெயா, மனோன், க்ளோயேன்னு எழுதி எழுதி கை வலிச்சது, இப்ப லூயீஸ், ழாட், அம்ப்ர், அல்பா. அந்த கொக்கி வரிசையப் பாத்தாலே எந்த வருஷம்னு சொல்லிடுவேன்.

இங்க ஒரு பேருக்கு வயசு உண்டுங்க. நத்தாலின்னு ஒரு அம்மா வந்தா அவங்க 1960கள்ல பொறந்திருப்பாங்கன்னு எல்லாரும் நெனைப்பாங்க, ஏன்னா அப்ப அந்தப் பேர் அவ்வளவு ஓடுச்சு. லத்தீன்ல பொறந்த நாள்னு அர்த்தம், கிறிஸ்து பொறந்த நாளைத்தான் சொல்றது. மொனீக், இவோன் எல்லாம் பாட்டிங்க பேரு. ஆனா லூயீஸ், ழான், ரோஸ் மாதிரி பாட்டி பேருங்க திரும்பி வந்து இன்னிக்கு தொட்டில்ல படுத்திருக்கு.

உங்கள்ல நெறைய பேர் போன்ல அர்த்தம் தேடுறீங்க, தெரியும். தேடுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. செசீல்னு பேர் இருக்கு, மூலச் சொல்லப் பாத்தா பார்வை இல்லாதவர்னு வரும், உடனே வேணாம்னு மூடி வச்சிடுவீங்க. இங்க இருக்கறவங்களுக்கு செசீல்னா சங்கீதத்தோட புனிதை, நவம்பர் 22 அவங்க திருநாள். பேரோட அர்த்தம் அகராதியில பாதிதான், மீதி காலண்டர்ல இருக்கு. வருஷக் கடைசியில தபால்காரர் வீட்டுக்கு வந்து விக்கிற காலண்டர பிரிச்சுப் பாருங்க, பெரும்பாலான தேதிக்குப் பக்கத்துல ஒரு புனிதர் பேர் இருக்கும். அந்தப் பேர் உள்ளவங்களுக்கு அன்னிக்கு 'போன் ஃபெத்'னு வாழ்த்து சொல்லுவாங்க. நவம்பர் 25 கத்தரீன், அந்த நாள்ல 25 வயசாகியும் கல்யாணம் ஆகாத பொண்ணுங்க பச்சையும் மஞ்சளுமா தொப்பி போட்டுக்குற வழக்கம் இருந்துச்சு.

இந்தக் காலண்டர் ஒரு காலத்துல சட்டமாவே இருந்துச்சுங்க. 1803ல போட்ட சட்டம், புனிதர் பேரு இல்லன்னா பழைய வரலாற்றுல வர்ற பேரு, இதுல இருந்துதான் வைக்கணும்னு சொல்லிச்சு. 1966ல கொஞ்சம் தளர்த்துனாங்க, 1993 ஜனவரியில வந்த சட்டத்துலதான் பெத்தவங்களுக்கு முழு உரிமை கெடச்சது. இப்பவும் பிள்ளைக்குக் கெடுதல்னு மேரியில, அதான் நகராட்சி ஆபீஸ்ல, இருக்கற அதிகாரி நெனச்சா அரசு வக்கீலுக்கு எழுதலாம், கோர்ட்டுக்குப் போகும். வலான்சியென்ங்கற ஊர்ல ஒரு குழந்தைக்கு நுடெல்லான்னு, ரொட்டியில தடவுற சாக்லேட் பேரையே வச்சாங்க, 2014ல நீதிபதி எல்லான்னு மாத்திட்டாரு.

இப்ப நான் சொல்ல வந்தது. நம்ம பாஷையில பெயரன், பெயர்த்தி, அதுதான் பேரன், பேத்தின்னு ஆச்சு, தாத்தா பாட்டி பேரை சுமக்குற பிள்ளை. பிரெஞ்சு பேர் வச்சா அது அறுந்து போயிடும்னு ஊர்ல பெரியவங்க கவலைப்படுறாங்க, அறுக்க வேண்டியதே இல்ல. ஒரோர்னா விடியல், நம்ம உஷா. ஒரேலி பொன்னுங்கற சொல்லுல இருந்து வந்தது, வீட்டுல ஒரு பொன்னம்மா இருந்தா இதப் பாருங்க. விக்துவார்னா வெற்றி, ஜெயா. சில்வி காடு, வனஜா இருந்த வீட்டுக்குப் பொருந்தும். எமே, அன்பு செய்யப்பட்டவள், பிரியா.

எங்க அம்மா பேரு முத்தம்மா, முத்தியால்பேட்டையில இருக்காங்க. என் பொண்ணுக்குப் பொண்ணு பொறந்தப்ப மார்கோன்னு வச்சோம். அது மார்கரீத்தோட சுருக்கம், கிரேக்க மொழியில முத்து, பிரெஞ்சுல அதே சொல்லு ஒரு வெள்ளப் பூவுக்கும் பேரு, 'காதலிக்கிறான், இல்ல'ன்னு இதழ் பிச்சுப் பிச்சு எண்ணுவாங்களே அந்தப் பூ. அம்மாகிட்ட போன்ல சொன்னப்ப ஒரு நிமிஷம் பேச்சே இல்ல, அப்புறம், "அப்ப என் பேருதானேடி"ன்னு கேட்டாங்க. எனக்கு அதுக்கு மேல பேச வரல. அம்மா இன்னிக்கு வரைக்கும் அவள மார்கோன்னு கூப்பிட்டதில்ல, முத்துன்னுதான்.

அர்த்தம் ஒத்து வரலையா, ரெண்டாவது பிரெனோம், அதான் குடும்பப் பேருக்கு முன்னால வைக்கிற சொந்தப் பேர், இருக்கு. பிரெஞ்சுக்காரங்களே பாட்டி பேர், ஞானத்தாய் பேரெல்லாம் ரெண்டாவது மூணாவதா வைக்கிறவங்கதான், கூச்சப்படாம முழுசா எழுதுங்க.

காதையும் கவனிங்க. ஆன்னுங்கற பேர் ரொம்ப அழகு, ஆனா ஊர்ல பாட்டிக்கு 'ஆண்'னு கேக்கும். நம்ம ஹேமாவ இங்க எமான்னு படிப்பாங்க, ஹ சத்தமே வராது, ரெண்டு பக்கமும் வாய்விட்டு சொல்லிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கடைசியா, பொறந்த நாளை விட்டுட்டு அஞ்சு நாளுக்குள்ள மேரியில பதியணும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பேப்பர எழுத்தெழுத்தா படிங்க, எ மேல அக்சான் கோடு விட்டுப்போச்சான்னு பாருங்க. க்ளோயேக்கு அந்தக் கோடு வேணும். அப்புறம் திருத்த அலையறது பெரிய பாடு, கையில பச்சப் புள்ள இருக்கும்.