கவுந்தியடிகளுக்கும் கோபம் வந்தது

எல்லோருக்கும் வணக்கம்.

பழனிக்கோ சமயபுரத்துக்கோ பாதயாத்திரை போனவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். கால் கொப்புளித்துப் போய், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் முன்னே போகிறவர் என்ன சொல்வார்? "இதோ வந்துடுச்சு, அந்த வளைவு தாண்டினா கோபுரம் தெரியும்." வளைவு தாண்டினால் இன்னொரு வளைவுதான் இருக்கும்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் இதைத்தான் கேட்டாள். புகாரை விட்டு ஒரு காத தூரம்தான் வந்திருக்கிறார்கள். அதற்குள் இடை நோகிறது, மூச்சு வாங்குகிறது. "மதுரை மூதூர் யாது?" என்கிறாள். எவ்வளவு தூரம் என்றுகூடக் கேட்கத் தெரியவில்லை, பாவம். கண்ணில் படுகிற ஊர்களில் எது மதுரை என்கிறாள். கோவலன், "ஆறைங் காதம்" என்கிறான், "நணித்து" என்கிறான். பக்கம்தானாம்! ஆறைந்து முப்பது. களைத்தவள் காதுக்கு அது ஆறோ ஐந்தோ என்றும் விழும். சொல்லிவிட்டு அவன் சிரிக்கிறான். அது என்ன சிரிப்பு என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை.

இவனுக்குத் தூரம் தெரியும், வழி தெரியாது. அந்த இடத்தில்தான் கவுந்தியடிகள் வருகிறார். சமணத் துறவி. "ஏன் ஊரை விட்டு வந்தீர்கள்?" என்று கேட்கிறார். "உரையாட்டு இல்லை" என்று பேச்சை வெட்டிவிடுகிறான் கோவலன். பொருள் தேடி மதுரைக்குப் போகிறேன், அவ்வளவுதான். மாதவி பற்றி ஒரு சொல் கிடையாது. அடிகளும் தோண்டித் துருவவில்லை. இந்தப் பெண்ணின் பாதம் பரல்கல்லைத் தாங்காதே என்று மட்டும் கவலைப்படுகிறார். மதுரைக்குப் போய் அறவுரை கேட்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்திருக்கிறது. "போதுவல் யானும்" என்று கிளம்பிவிடுகிறார்.

கிளம்பும்போது அவர் சொல்லும் எச்சரிக்கையைக் கவனியுங்கள். தோப்பு வழியாகப் போனால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூ மூடியிருக்கும், கால் இடறும். சரி, இது யாரும் சொல்வது. வயல் வழியாகப் போனால்? நண்டும் நத்தையும் உங்கள் காலடியில் நசுங்கிவிடும், அந்தப் பாவத்தின் துன்பம் தாங்க முடியாது என்கிறார். வழிப்போக்கருக்கு முள்ளைக் காட்டுகிறவர் உண்டு, பாம்பைக் காட்டுகிறவர் உண்டு. நம் காலால் நத்தைக்கு வரும் ஆபத்தைச் சொல்கிற வழிகாட்டி இவர்தான்.

இப்படிப்பட்டவர் எங்கே தடுக்கினார் என்று சொல்லத்தான் நான் இங்கே வந்தேன்.

திருவரங்கத்தை அடைகிறார்கள். அங்கே சாரணர் என்னும் சமண முனிவர் ஒருவர் சமணரின் கடவுளான அருகதேவனின் பெருமையைச் சொல்ல, கவுந்தி உருகிப்போகிறார். கைகளைத் தலைமேல் குவித்துக்கொண்டு, "ஒருமூன்று அவித்தோன்" அருளிய மொழிக்கு அல்லாமல் என் செவி திறக்காது, காமனை வென்றவனின் 1008 பெயர்களை அல்லாமல் வேறொன்றை என் நா சொல்லாது என்கிறார். அந்த மூன்று எவை? காமம், வெகுளி, மயக்கம். நடுவில் இருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆற்றைக் கடந்து தென்கரையில் ஒரு பூஞ்சோலையில் உட்கார்கிறார்கள். ஒரு பரத்தையும் வெட்டிப்பேச்சுக்காரன் ஒருவனும் அங்கே வருகிறார்கள். "காமனும் ரதியும் போல இருக்கிறார்களே, யார் இவர்கள்?" அடிகள், "என் மக்கள்" என்கிறார். வந்தவர்கள் விடவில்லை. "ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாக வாழ்வதும் உண்டோ, கற்றறிந்தவரே?" கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். அவ்வளவுதான். "என் பூங்கோதையை" இகழ்ந்த இவர்கள் "முள்ளுடைக் காட்டின் முதுநரி ஆக" என்று சாபம் விழுகிறது.

வேறெதற்கும் திறக்காத செவி ஒரு வம்புப் பேச்சுக்குத் திறந்துவிட்டது. வேறெதையும் சொல்லாத நா நரி என்ற சொல்லைச் சொல்லிவிட்டது. வாக்குக்கும் சாபத்துக்கும் நடுவே ஓர் ஆறுதான் இருக்கிறது. நத்தைக்கு இரங்கியவர் இரண்டு மனிதர்களை நரியாக்கினார். இளங்கோ தெரியாமலா இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பார்? "என் பூங்கோதை" என்கிறாரே, அதில் இருக்கிறது விஷயம். பற்றை விட்டவருக்கு நடந்த வழியில் ஒரு மகள் வந்துவிட்டாள்.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த காட்சி. நரியின் ஊளை கேட்டுக் கண்ணகியும் கோவலனும் பதறுகிறார்கள். "நெறியின் நீங்கியோர் நீரல கூறினும் அறியாமை என்று அறியல் வேண்டும்" என்று கவுந்தியிடம் சொல்கிறார்கள். வழி தவறியவர்கள் தகாததைச் சொன்னாலும் அறியாமை என்று கொள்ளுங்கள் என்று யார் சொல்வது? நெறியின் நீங்கிய கோவலனும் அவனால் நொந்த கண்ணகியும்! அடிகள் கேட்டுக்கொள்கிறார். உறையூர் மதிலுக்கு வெளியே 12 மாதம் உழன்றபின் பழைய உருவம் பெறட்டும் என்று சாபத்தைக் குறைக்கிறார். வழிகாட்டியை வழிக்குக் கொண்டுவருகிறார்கள் கூட வந்தவர்கள்.

இது நம் காப்பியத்துக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியக் கவி தாந்தே, நரகத்தின் வழியே தன்னை அழைத்துப்போக ரோமானியக் கவி வெர்ஜிலை வைத்துக்கொண்டார். வெர்ஜில் அறிவின் உச்சம். அவரையே பேய்களின் தலைவன் ஏமாற்றுகிறான். அடுத்த பாலம் முழுசாக இருக்கிறது என்று புளுகுகிறான், இவரும் நம்புகிறார். பிறகு அங்கே தண்டனை அனுபவிக்கும் ஒரு துறவி, பேய் பொய்யனென்று கேள்விப்பட்டதில்லையா என்பதுபோலக் குத்திக்காட்ட, வெர்ஜில் முகத்தில் கொஞ்சம் கோபத்தோடு நீண்ட எட்டு வைத்து நடக்கிறார். தாந்தே பின்னாலேயே போகிறார்.

மறுபடி நம் பாதைக்கு வருவோம். மாங்காட்டு மறையவன் ஒருவன் மதுரைக்கு மூன்று வழி சொல்கிறான். இடப்பக்க வழியில் திருமால் குன்றத்துப் பொய்கைகள் உண்டு, மூழ்கினால் வேண்டியது கிடைக்கும் என்கிறான். வாய்மை தவறாமல் உயிர்களைக் காப்பவர்க்குக் கிடைக்காத பொருளும் உண்டோ என்று கவுந்தி அவனை அனுப்பிவிடுகிறார். சரியான பதில்தான். ஆனால் இடைவழியில் ஒரு மயக்கும் தெய்வம் உண்டு என்றும் அவன் சொல்லியிருந்தான். கோவலன் தண்ணீருக்குப் போன இடத்தில் அது மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வந்து காலில் விழுகிறது. மறையவன் சொன்னது நினைவுக்கு வர, மந்திரம் சொல்லித் தப்பிக்கிறான். அடிகள் ஒதுக்கிய ஆளின் பேச்சு இவனைக் காப்பாற்றியது.

மதுரையில் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் கண்ணகியை அடைக்கலம் கொடுக்கிறார் கவுந்தி. இவளைப்போலக் கற்புடைத் தெய்வம் நான் கண்டதில்லை என்று சொல்லித்தான் கையைப் பிடித்துக் கொடுக்கிறார். அதன்பின் கோவலன் சிலம்பு விற்கப் போனதும் நடந்ததும் உங்களுக்குத் தெரியும்.

கவுந்தி என்ன ஆனார்? மதுரைக் காண்டம் முடிந்தபிறகும் தெரியவில்லை. வஞ்சிக் காண்டத்தில், வடநாட்டுப் போர் முடித்த சேர மன்னன் செங்குட்டுவனிடம் மாடலன் என்ற மறையவன் செய்தி சொல்லும்போது போகிறபோக்கில் வருகிறது. அடைக்கலத்தைக் காக்க முடியாத மாதரி நள்ளிரவில் தீயில் இறங்கினாள். கவுந்தி உண்ணாமல் இருந்து உயிர் விட்டார். அவர் கேட்டதாக மாடலன் சொல்வது ஒரே ஒரு கேள்வி: "என்னோடு இவர்வினை உருத்ததோ?" இவர்களின் வினை என்னோடு சேர்ந்து வந்தா பலித்தது?

நரியாகப் போன அந்த இருவரும் உறையூர் மதில் பக்கம் எப்போது மனிதராக எழுந்தார்கள் என்று இளங்கோ சொல்லவே இல்லை. நான் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கவுந்தி உண்ணா நோன்பில் இருந்தபோது அவர்களுக்கு 12 மாதம் முடிந்திருக்க வழியில்லை.