விட்டத்துக்கு முன் கனத்தைப் பாருங்கள்: இரும்பில் பெரிய துளை போடும் முறை

[காட்சி: சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறை. மேசை மேல் மூன்று பொருள்கள்.]

குரல்: இங்கே மூன்று வேலை இருக்கிறது. 1.5 மில்லிமீட்டர் தகட்டாலான டிபி பாக்ஸில் (மின் இணைப்புப் பெட்டி), ஒயர் குழாய்க்கு 20 மில்லி துளை. 1 மில்லி கனமுள்ள ஸ்டெயின்லெஸ் சிங்க்கில், தண்ணீர்க் குழாய்க்கு 35 மில்லி. செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லரின் 12 மில்லி இழுவைத் தகட்டில், இணைப்புக் கம்பி மாட்ட 32 மில்லி. மூன்றுக்கும் ஒரே பிட் சரிவராது. கடைக்குப் போகும் முன் கனத்தை அளந்துகொள்ளுங்கள்.

[காட்சி: ஸ்டெப் டிரில்.]

டிபி பாக்ஸுக்கு ஸ்டெப் டிரில், அதாவது படிப்படியாக அகலமாகும் கூம்பு பிட். அதன் ஒவ்வொரு படியும் தகட்டின் கனத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 20 முழுசாக இறங்குவதற்குள் அடுத்த படி மேல் விளிம்பைத் தின்றுவிடும். 20 மில்லி படிக்கு மேலே மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் கை தானாக நிற்கும்.

[காட்சி: ஹோல் சா, ஆர்பர்.]

சிங்க்குக்கு பைமெட்டல் ஹோல் சா, அதாவது விளிம்பில் பல் வைத்த கிண்ணம் போன்ற ரம்பம். அதை டிரில்லோடு இணைக்கும் தண்டுதான் ஆர்பர். 30 மில்லி வரை சின்ன மரை ஆர்பர். 32-லிருந்து பெரிய மரை, சாவைப் பிடிக்கும் இரண்டு முளையோடு (pin) வரும். சாவை முழுக்க முறுக்கி, அதன் ஓட்டைகள் முளைகளுக்கு நேராக வரும்வரை சற்று எதிர்ப்பக்கம் திருப்பி, பிறகு முளைகளை ஏற்றுங்கள். மரையின் இறுக்கத்திலேயே ஓட்டினால் சா இறுகிப்போய், கழற்றவே முடியாது.

வேகம்தான் பெரும்பாலான சாவைக் கெடுக்கிறது. 35 மில்லி சாவுக்கு ஸ்டெயின்லெஸ்ஸில் நிமிடத்துக்கு 125 சுற்று போதும். சாதா இரும்பில் 250. சாதாரண கை டிரில் முழு வேகத்தில் 2,000-த்தைத் தாண்டும். அதனால் கியர் மாற்றும் டிரில்லை எடுத்து, முதல் கியரில் போடுங்கள்.

[காட்சி: பல்லை நெருக்கமாக. நுனி நீலமாகியிருக்கிறது.]

இந்த நீலம் சூட்டின் அடையாளம். இப்படி ஆன பல் இனி வெட்டாது, உரசும். உரசினால் ஸ்டெயின்லெஸ் அந்த இடத்தில் இன்னும் கெட்டியாகிவிடும். அப்புறம் புது சாவும் திணறும். ஆகவே மெதுவாகச் சுற்றி, அழுத்தத்தை விடாமல் பிடியுங்கள். வெட்டு எண்ணெய் அவசியம். கைவசம் இல்லையென்றால் சமையல் செம்பனை எண்ணெயே உதவும். ஆனால் வேலை முடிந்ததும் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் பிசுபிசுக்கும். தகட்டின் பின்னால் பலகை வைத்து கிளாம்ப் போடுங்கள். துளை விழும் நொடியில்தான் சா மாட்டிக்கொண்டு மணிக்கட்டை முறுக்கும். பக்கக் கைப்பிடி இல்லாமல் ஓட்டாதீர்கள், துணிக் கையுறையும் வேண்டாம்.

[காட்சி: 12 மில்லி தகடு.]

கனத் தகட்டில் ஹோல் சா திணறுவதற்குக் காரணம் தூள். வட்டக் குழிக்குள் அடைத்துக்கொண்டு வெளியேற வழி இருக்காது. முதலில் சாவை லேசாக ஓட்டி வட்டம் பதியுங்கள். பிறகு அந்த வட்டத்தின் உள்பக்கத்தில், கோட்டைத் தொட்டபடி, வெளிக்கோட்டைத் தாண்டாமல் 6 மில்லி துளை ஒன்று இறக்குங்கள். மறுபடி சாவை ஓட்டும்போது தூள் அதன் வழியாகக் கீழே கொட்டும். வெட்டும் நேரம் கண்ணெதிரே குறைவதைப் பார்க்கலாம்.

இதே துளை பத்து, இருபது போட வேண்டுமென்றால், காந்தத்தால் தகட்டில் ஒட்டி நிற்கும் மேக்னட் டிரில்லும், நடுவில் குழிவான ஆன்யுலர் கட்டரும்தான் சரி. ஆடாமல் நின்று வெட்டுவதால் துளை வட்டமாகவும் வழவழப்பாகவும் வரும். காந்தம் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டையும் துருவையும் சுரண்டிவிடுங்கள். கரண்ட் போனால் மின்காந்தம் விட்டுவிடும். பாதுகாப்புச் சங்கிலியை மறக்காதீர்கள். கடைசியில் நடுத்துண்டு சுடச்சுடக் கீழே விழும், அதனடியில் காலோ ஒயரோ இருக்கக்கூடாது.