உடன் வருபவர்களை அறிதல்: மாஸ் எஃபெக்ட் 2 குறித்து ஓர் உரை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அறிபுனைக் காணொளி விளையாட்டு ஒன்றின் இரண்டாம் பாகம் எங்கே சிறந்து நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். எத்தனையோ தொடர்கள் இருக்க, நான் மாஸ் எஃபெக்ட் 2 என்ற ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். பயோவேர் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு 2010 ஜனவரியில் வெளிவந்தது. அதன் முதல் பாகம் 2007 நவம்பரில் வந்திருந்தது. பாஃப்டா எனப்படும் பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சிக் கலை அகாடமி 2011இல் சிறந்த விளையாட்டுக்கான விருதை இதற்கு அளித்தது. ஆகவே இதற்குப் பாராட்டுக் குறைவில்லை. ஆனால் பாராட்டியவர்கள் சுட்டிய காரணங்களும், குறை கண்டவர்கள் சுட்டிய காரணங்களும் பெரும்பாலும் விளையாட்டின் மையத்தைத் தொடவில்லை என்பது என் நெடுநாள் எண்ணம். பேச்சினூடே கதையின் முடிவைச் சொல்ல வேண்டியிருக்கும். இதுவரை ஆடாதவர்கள், ஆடிப் பார்க்கும் எண்ணமும் உள்ளவர்கள், வானொலியின் ஒலியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். நான் வருந்த மாட்டேன்.

கதைச் சுருக்கம் இதுதான். ஷெப்பர்ட் என்ற விண்கப்பல் தலைவர் தொடக்கக் காட்சியிலேயே இறந்துவிடுகிறார். ஆடுபவர் விருப்பப்படி இவர் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். செர்பெரஸ் என்ற இரகசிய அமைப்பு பெரும் பொருள் செலவிட்டு, இரண்டு ஆண்டுகளில் அவரை உயிர்ப்பித்து, ஒரு பணியை ஒப்படைக்கிறது. மனிதக் குடியேற்றங்களில் வாழ்பவர்களை ஊர் ஊராகக் கடத்திச் செல்லும் கலெக்டர்கள் என்ற இனத்தாரை, எவரும் திரும்பி வராத ஓர் இடத்துக்கே சென்று அழிக்க வேண்டும். அதற்கு ஆட்களைத் திரட்ட வேண்டும். கதையின் பெரும்பகுதி இந்த ஆள் திரட்டுதலும், திரட்டியவர்களின் மனச்சுமையை இறக்கிவைக்க உதவுவதும்தான்.

இனி, அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஆர்.பி.ஜி. என்று நாம் சொல்லும் பாத்திரமேற்பு விளையாட்டுக்குரிய உறுப்புகளையெல்லாம் வெட்டி எறிந்து, இதை வெறும் சுடும் விளையாட்டாக ஆக்கிவிட்டார்கள் என்பது அந்தக் குற்றச்சாட்டு. வெட்டினார்கள் என்பது உண்மை. முதல் பாகத்தில் 150 பொருள்கள் வரை சுமக்கும் ஒரு பை இருந்தது. இதில் பையே இல்லை. பாத்திரத்தின் திறன் எட்டக்கூடிய உச்ச நிலை 60இலிருந்து 30ஆகக் குறைந்தது. எதிரியை வீழ்த்துவதற்கென்று தனி அனுபவப் புள்ளிகள் கிடையாது. பணி முடிந்த பிறகே மொத்தமாகக் கிடைக்கும். கரடுமுரடான கோள்களில் ஓட்டித் திரிந்த மேக்கோ வண்டியும் போயிற்று.

ஆனால் அந்தப் பையை நினைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று நூலிழை வேறுபாடுள்ள துப்பாக்கிகள் அதில் குவியும். பை நிரம்பியதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருக்கித் தள்ள வேண்டும். அதில் எந்தப் பாத்திரத்தை நாம் ஏற்று நடித்தோம்? கிடங்குக் கணக்கரின் பாத்திரத்தைத்தான். அதை வெட்டியதை நான் குறையாகக் கருதவில்லை. வெட்டியதன் பயனாக ஆடுபவரின் கவனம் பொருள்களிலிருந்து மனிதர்கள் மேல் திரும்பியது. மனிதர்கள் என்பதில் மனிதரல்லாத இனத்தாரையும் சேர்த்தே சொல்கிறேன். உடன் வருபவர்களை அறிவதுதான் இந்த விளையாட்டு. மற்றதெல்லாம் அதற்குச் சாக்கு. இதை இன்னும் ஓரிரு முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் சான்றாக இறுதிப் பணியைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரியாது என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு.

கலெக்டர்களின் தளத்துக்குள் நுழைந்தவுடன், வெப்பக்காற்று நிறைந்த ஒரு குழாய்க்குள் தனியாக ஊர்ந்து சென்று கதவைத் திறக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. ஜேக்கப் என்ற படைவீரர் உடனே, நான் போகிறேன் என்கிறார். நல்ல மனிதர், துணிச்சலானவர். ஆனால் மின்னணுப் பூட்டுகளைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவரை அனுப்பினால் அவர் இறப்பார். அடுத்து ஓரிடத்தில், மொய்க்கும் பூச்சிக் கூட்டத்தைத் தடுக்க மன ஆற்றலால் ஒரு கவசத்தை எழுப்பிக் காத்துக்கொண்டே நடக்க வேண்டும். அந்த ஆற்றல் உள்ள எவரும் கோட்பாட்டளவில் இதைச் செய்யலாம் என்று மிராண்டா தன்னையே முன்மொழிகிறார். குழுவிலேயே அறிவுக்கூர்மை மிக்கவர், கப்பலின் இரண்டாம் நிலைத் தலைவர், அவரே சொல்கிறார். அவர் சொல்லை நம்பினால் கவசம் தளரும். நம்மோடு நடந்த ஒருவரைப் பூச்சிகள் தூக்கிச் செல்லும். அந்த வேலைக்கு ஏற்றவர், சிறுமியாக இருந்தபோதே ஆய்வுக்கூடத்தில் வதைக்கப்பட்டு, அந்தக் கொடுமையாலேயே ஆற்றல் பெருகிப்போன ஜாக். அல்லது பல நூற்றாண்டுகள் வாழ்ந்த சமாரா. இருவரில் ஒருவரை அனுப்ப வேண்டும். இந்தப் பதிலைத் திரையில் எந்த எண்ணும் சொல்வதில்லை. கப்பலின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய் அவர்கள் பேசியதைக் கேட்டவருக்குத்தான் தெரியும். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வதற்கும் அவர் உண்மையில் யார் என்பதற்கும் உள்ள இடைவெளியை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். தலைமை என்பதை இவ்வளவு நேராகச் சோதித்த வேறொரு விளையாட்டை நான் கண்டதில்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் கடைசியாக ஒரு கண்ணி இருக்கிறது. இறுதிப் போருக்கு ஷெப்பர்ட் இருவரை அழைத்துச் செல்லலாம். மீட்கப்பட்ட கப்பல் பணியாளர்களோடு ஒருவரைக் காவலாகத் திருப்பி அனுப்பியிருப்போம். மற்றவர்கள் வாசலில் நின்று எதிரிகளைத் தடுத்துக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பை மறைவாக வைத்திருக்கிறது. மனச்சுமையை இறக்கிவைத்து நாம் விசுவாசத்தைப் பெற்றிருந்தால், கேரஸ், கிரண்ட் போன்ற போர்வீரர்களுக்கு 4, பெரும்பாலோருக்கு 2, டாலி, ஜாக், பேராசிரியர் மார்டின் ஆகியோருக்கு 1. வாசலில் நிற்பவர்களின் சராசரி 2ஐ எட்டாவிட்டால் யாராவது சாவார்கள். ஆடுபவர் என்ன செய்வார்? கடைசிச் சண்டையாயிற்றே என்று வலிமை மிக்க கிரண்டையும் கேரஸையும் தம்மோடு கூட்டிச் செல்வார். பணியாளர்களோடு ஜேக்கப்பை அனுப்பியிருப்பார். வாசலில் மிஞ்சுவது ஏழு பேர், மொத்த மதிப்பு 11. சராசரி 2க்குக் கீழே போய்விட்டது. எல்லாம் முடிந்து திரும்பிப் பார்க்கும்போது, பாட்டுப் பாடி நம்மைச் சிரிக்கவைத்த பேராசிரியர் மார்டின் கிடப்பார்.

கணக்கை விடுங்கள், அதன் பொருளைப் பாருங்கள். வலியவர்களைத் தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொண்ட தலைவருக்காக, பின்னால் நின்ற மெலியவர் உயிர் கொடுக்கிறார். இதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மார்டின் உளவுப் படையில் பணியாற்றித் துப்பாக்கி பிடித்தவராயிற்றே, அவருக்கு 1 என்பது அநியாயமில்லையா என்று கேட்டால், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் அவர் பாய்ந்து தாக்கி மறைபவர். ஓரிடத்தில் நிலைத்து நின்று தாங்குபவர் அல்லர் என்று சமாதானம் செய்துகொள்கிறேன்.

மார்டினைப் பற்றிப் பேசும்போது அவருடைய தனிப் பணியையும் சொல்லியாக வேண்டும். கிரோகன் இனத்தில் ஆயிரம் கருவுக்கு ஒன்றே பிழைக்கும்படி செய்த நோய் ஒன்று உண்டு. அந்த இனம் அதிலிருந்து மெல்லத் தேறிவருவதைக் கண்டு, நோயை மீண்டும் கூர்மையாக்கிய அறிஞர்களில் மார்டினும் ஒருவர். அவருடைய பழைய மாணவர் குற்ற உணர்வால் அந்த நோய்க்கு மருந்து தேடுகிறார். தேடும் முறையோ உயிரோடு இருப்பவர்களை அறுத்துப் பார்ப்பது. செய்தது சரியே என்று வாதிடும் மார்டின், பரிசோதனையில் இறந்த ஒரு கிரோகன் பெண்ணின் உடல் முன் நின்று பிரார்த்தனை சொல்கிறார். இறுதியில் ஆய்வுக் குறிப்புகளை வைத்திருப்பதா அழிப்பதா என்பது நம் முடிவு. அதன் விளைவு மூன்றாம் பாகத்தில்தான் தெரியும். வாதமும் வருத்தமும் ஒரே ஆளுக்குள் இப்படி ஒருங்கே வாழ்வதை விளையாட்டுகளில் அரிதாகவே காண்கிறோம்.

இத்தனை நல்லதைச் சொன்ன பிறகு, குறைகளையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். முதலாவது, செர்பெரஸ். முதல் பாகத்தில் இந்த அமைப்பு கொடிய பரிசோதனைகள் நடத்திய கும்பல். ஷெப்பர்டின் முன்கதையாக அகூஸே என்ற கோளில் தம் படைப்பிரிவு முழுவதையும் இழந்து தனியாகப் பிழைத்தவர் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் படுகொலைக்குக் காரணமே செர்பெரஸ்தான் என்று முதல் பாகத்தில் தெரியவரும். இரண்டாம் பாகத்தில் அதே ஷெப்பர்ட் அதே அமைப்பின் சின்னம் பொறித்த கப்பலில் ஏறுகிறார். மாட்டேன் என்று மறுக்க வழியில்லை. என் தோழர்களைக் கொன்றவர் நீர்தானே என்று அதன் தலைவரின் முகத்துக்கு நேரே நின்று வழக்காடவும் தக்க இடமில்லை. இறந்து மீண்டது பற்றியும் அப்படித்தான். இரண்டு ஆண்டுகள் பிணமாகக் கிடந்த ஒருவருக்கு அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவு குறைவாகவா இருக்கும்? மற்றவர்களின் மனத்தை இவ்வளவு நுணுகிப் பார்த்த எழுத்தாளர்கள், நாம் ஏற்ற பாத்திரத்தின் மனத்தை எட்டிப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. நம் நடத்தையை அளக்க பாராகன், ரெனகேட் என்று இரு அளவுகோல்கள் உள்ளன. கனிவு ஒன்றில் ஏறும், கடுமை மற்றதில் ஏறும். இணக்கவைக்கும் சிறப்புச் சொற்கள் வேண்டுமென்றால், இதுவரை கிடைத்த வாய்ப்புகளில் பெரும்பங்கை ஒரே பக்கமாகச் செலவிட்டிருக்க வேண்டும். மிராண்டாவும் ஜாக்கும் மோதிக்கொள்ளும் காட்சியில், அளவுகோல் ஏதேனும் ஒன்று உயர்ந்திருந்தால்தான் இருவரையும் அமைதிப்படுத்தலாம். இல்லையேல் ஒருவரின் விசுவாசத்தை இழக்கிறோம். ஆளையும் சூழலையும் பார்த்து ஓரிடத்தில் கனிவாகவும் ஓரிடத்தில் கடுமையாகவும் நடந்தவருக்குத் தண்டனை; எதையும் பாராமல் உரையாடல் தேர்வுகளில் கனிவுக்குரிய மேல் வரியையே அழுத்திக்கொண்டு வந்தவருக்குப் பரிசு. உடன் வருபவர்களை அறிவதுதான் விளையாட்டு என்றேன் அல்லவா? அந்த அறிவை விளையாட்டே இங்கே மதிக்கவில்லை.

வேறு வழி தெரியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. உடன் வரும் டாலி தம் மக்களின் அவையில் விசாரிக்கப்படும் காட்சி இருக்கிறது. அவருடைய தந்தையின் குற்றத்தை வெளிப்படுத்தினால் டாலி நாடு கடத்தலிலிருந்து தப்புவார், ஆனால் நம்மை மன்னிக்க மாட்டார்; மறைத்தால் நாடு இழப்பார். அளவுகோல் உயர்ந்திருந்தால் இரண்டையும் காக்கலாம். ஆனால் இன்னொரு வழியும் உண்டு. முன்பு ஒரு பணியில் வீட்டர் என்ற இளைஞனை அவன் மக்களோடு அனுப்பியிருந்து, பிறிதொரு பணியில் ரீகர் என்ற வீரரைச் சாகவிடாமல் காத்திருந்தால், அவர்கள் அவையில் டாலிக்காக எழுந்து பேசுவார்கள். அளவுகோல் தேவையே இல்லை. செய்த நன்மை ஆள் உருவில் திரும்பி வருகிறது. இந்தக் காட்சியை எழுதத் தெரிந்தவர்கள் மற்ற இடங்களிலும் இப்படியே எழுதியிருக்கலாமே என்பது என் ஆதங்கம்.

சுடுதலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முதல் பாகத்தைவிடப் பன்மடங்கு தேறியிருக்கிறது. ஒரேயொரு வேடிக்கை. முன்பு துப்பாக்கி சூடேறினால் ஆறும்வரை காத்திருப்போம்; இதில் வெப்பக் கட்டிகளைப் பொறுக்கி மாற்ற வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளில் பரவிய புதுமை என்று கதை காரணம் சொல்கிறது. ஆனால் ஜேக்கப்பின் தந்தை பத்து ஆண்டுகளுக்கு முன் விபத்துக்குள்ளான கப்பலோடு சிக்கிக்கிடக்கும் கோளிலும் அந்தக் கட்டிகள் சிதறிக் கிடக்கின்றன! யார் கொண்டுபோய்ப் போட்டார்களோ.

இன்னும் சில நிமிடங்களே உள்ளன என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். கனிமம் தேடிக் கோள்களை வருடும் பகுதியைப் பற்றி நிறைய குறித்து வைத்திருந்தேன். சலிப்பூட்டும் வேலை, ஆனால் அதில் கிடைப்பதைக் கொண்டு கப்பலின் கவசத்தையும் பீரங்கியையும் மேம்படுத்தாவிட்டால் இறுதிப் பயணத்திலேயே தோழர்கள் இறப்பார்கள் என்பதால் தவிர்க்கவும் இயலாது. எலும்புக்கூட்டு வடிவில் வரும் இறுதி எதிரி கேலிக்குரியது, அவ்வளவே. முதல் பாகத்தில் நாம் ஆடிச் சேமித்து வைத்த கதையை இதில் தொடரும் வசதி பெரிய சாதனைதான், ஆனால் கான்ராட் வெர்னர் என்ற ரசிகரிடம் நாம் கனிவாக நடந்திருந்தாலும், துப்பாக்கி காட்டி மிரட்டியதாகவே இதில் அவர் சொல்வார்; அந்தப் பிழையை மூன்றாம் பாகம் நகைச்சுவையாக்கிச் சமாளித்தது. 2010 செப்டம்பரில் வந்த நிழல் தரகர் பற்றிய கூடுதல் அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய தோழி லியாராவுக்கு மையக் கதை தராத இடத்தை அது தருகிறது. 2021இல் மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தபோது அதுவும் சேர்ந்தே வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: கப்பல் பணியாளர்கள் கடத்தப்பட்ட பிறகு வேறு பணிகளை எடுத்துக்கொண்டு தாமதிக்காதீர்கள், அவர்களில் பலரை உயிரோடு காண மாட்டீர்கள். வணக்கம்.